கற்பிப்போர்க்குக் கற்பித்தல்: மருத்துவ பீடங்களில் ஆசிரியர் மேம்பாட்டுப் பிரிவுகளின் தோற்றமும் வளர்ச்சியும்

13ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், இலக்கணத்தைச் சொல்லப் புகுமுன் ஆசிரியர் யார் என்னும் வினாவுக்கு விடை கூறுகின்றார். நல்லாசிரியரின் பண்புகளை எடுத்துரைக்கும் அவர், ஆசிரியராகத் தகாதாரையும் குறிப்பிடாமல் விடவில்லை. கழற்காய் நிறைந்த குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் முன்பின் ஒழுங்கின்றி உருண்டு வருவது போலக் கற்றதை முறையின்றிக் கொட்டுவோர் ஒரு வகையினர். பஞ்சு அடைத்த குடுக்கையிலிருந்து சிறிது சிறிதாகப் பிய்த்தெடுக்க வேண்டியிருப்பது போல, அறிவை எளிதில் வெளிவிடாதோர் இன்னொரு வகையினர். இவ்விரு சாராரும் கல்லாதவர் அல்லர் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. குடம் நிறைந்தே இருக்கின்றது. குறை, உள்ளிருப்பது வெளிவரும் முறையிலேயே உள்ளது. அறிந்திருத்தல் வேறு, அறிவித்தல் வேறு என்னும் இவ்வுண்மை தமிழ் மாணவருக்குப் புதியதன்று.

ஆயினும் உயர்கல்வி நிறுவனங்கள் இவ்வுண்மையை நெடுங்காலம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்தறிவிப்பவர் ஆசிரியப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்று விதித்த சமூகம், பல்கலைக்கழகத்தில் சத்திரசிகிச்சையைக் கற்பிப்பவரிடம் அத்தகைய பயிற்சி எதனையும் கேட்கவில்லை. துறையில் வல்லவர் கற்பிப்பதிலும் வல்லவராகவே இருப்பார் என்பது எழுதப்படாத விதியாக நிலவியது. இந்நம்பிக்கையை ஐயுற்று முதலிற் கேள்வி எழுப்பியவை மருத்துவ பீடங்கள் என்பது வியப்புக்குரியது. அக்கேள்வியின் விளைவாகத் தோன்றியவையே மருத்துவக் கல்விப் பிரிவு, ஆசிரியர் மேம்பாட்டு அலுவலகம், ஆசிரியர் பயிற்சி நிலையம் எனப் பல பெயர்களால் வழங்கும் அமைப்புகள். இவை எச்சூழ்நிலையில் தோன்றின, எவ்வாறு இலங்கையை வந்தடைந்தன, எப்பணியை ஆற்றின, எவ்விடத்தில் தளர்ந்தன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிளெக்ஸ்னர் அறிக்கையும் அதன் பின்விளைவும்

19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவக் கல்வி பெரும்பாலும் வணிகமாகவே நடைபெற்றது. வைத்தியர் சிலர் ஒன்றுகூடிக் கல்லூரி ஒன்றை நிறுவி, மாணவர் செலுத்தும் கட்டணத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வது வழக்கமாயிருந்தது. ஆய்வுகூடமோ நோயாளர் விடுதியோ இல்லாத கல்லூரிகளும் பட்டம் வழங்கின. இந்நிலையை ஆராயுமாறு கார்னெகி நிறுவனத்தினால் நியமிக்கப்பட்டவர் ஏபிரகாம் பிளெக்ஸ்னர். இவர் வைத்தியர் அல்லர். பாடசாலை நடத்திய கல்வியாளர். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்வையிட்டு, 1910இல் தமது அறிக்கையை வெளியிட்டார். மருத்துவக் கல்வி பல்கலைக்கழகத்தின் பகுதியாதல் வேண்டும், அது அடிப்படை விஞ்ஞானங்களின் மீது கட்டியெழுப்பப்படல் வேண்டும், ஆசிரியர் முழுநேரப் பணியாளராய் ஆராய்ச்சியில் ஈடுபடுதல் வேண்டும் என்பன அவ்வறிக்கையின் சாரம். 1893இல் தொடங்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியே அவருக்கு முன்மாதிரியாக விளங்கியது.

பிளெக்ஸ்னரின் சீர்திருத்தம் மருத்துவத்தை விஞ்ஞானமாக்கியது. தரமற்ற கல்லூரிகள் பல மூடப்பட்டன. எனினும் ஒவ்வொரு தீர்வும் தன்னுள் ஒரு புதிய முரண்பாட்டைக் கொண்டிருப்பது வரலாற்றின் இயல்பு. ஆராய்ச்சியாளரே ஆசிரியர் என்னும் நிலை உறுதிப்பட்டபோது, ஆராய்ச்சியே பதவியுயர்வுக்கு அளவுகோலாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிதி பெருமளவில் மருத்துவ பீடங்களை வந்தடைந்ததும், இப்போக்கு மேலும் வலுவடைந்தது. ஒருபுறம் அறிவு பெருகியது. மறுபுறம் அவ்வறிவு முழுவதையும் நான்கு ஆண்டுகளுக்குள் மாணவரின் தலையில் ஏற்றிவிட வேண்டும் என்ற அவதி பெருகியது. ஒவ்வொரு துறையும் தனக்குக் கூடுதல் விரிவுரை நேரம் கோரியது. நோயாளரின் கட்டிலருகே நின்று கற்பிப்பதே சிறந்த முறையெனக் கருதி ஒஸ்லர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் வளர்த்த மரபு, விரிவுரை மண்டபத்தின் குறிப்பேட்டுக்குள் ஒடுங்கலாயிற்று.

இந்நிலைக்கு எதிரான குரல்கள் 1950களில் எழுந்தன. 1952இல் கிளீவ்லாந்தில் உள்ள வெஸ்ரேன் றிசேர்வ் பல்கலைக்கழகம், துறைவாரியாகக் கற்பிப்பதைக் கைவிட்டு, உடலின் உறுப்புத் தொகுதிகளை அடிப்படையாகக்கொண்ட புதிய பாடவிதானத்தை அறிமுகம் செய்தது. ஆனால் பாடவிதானத்தை மாற்றுவது மட்டும் போதுமா? அதனை நடத்தப்போகும் ஆசிரியர் மாறாதவிடத்துப் புதிய பாடவிதானமும் பழைய விரிவுரையாகவே முடியாதா? இவ்வினாவைத் தொடுத்த இடம் பஃபலோ.

2. பஃபலோவிலிருந்து சிக்காகோவுக்கு

நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோப் பல்கலைக்கழகத்தில், குழந்தை மருத்துவப் பேராசிரியரான எட்வேர்ட் பிரிட்ஜ் கற்பித்தல் பற்றிய ஐயங்களைத் தம் சகாக்களிடம் எழுப்பி வந்தார். அதே பல்கலைக்கழகத்தின் சமூகவியற் பேராசிரியர் நதானியல் கன்ரர், கற்றல் என்பது மாணவன் தானே ஆற்றும் செயலன்றி ஆசிரியர் அவனுக்குச் செய்துவிடும் செயலன்று என்னும் கருத்தை வலியுறுத்தியவர். இச்சூழலிலிருந்தே ஜோர்ஜ் மில்லர் என்னும் இளம் வைத்தியர் உருவானார். 1950களின் நடுப்பகுதியில், கொமன்வெல்த் நிதியம் என்னும் அமெரிக்க அறக்கட்டளையின் உதவியுடன் அங்கு மருத்துவக் கல்விச் செயற்றிட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. கல்விப் பீடத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஏபிரகாம்சன் அதில் மில்லரின் துணைவரானார்.

இச்செயற்றிட்டத்தின் புதுமை அதன் பெயரில் அன்று, அது நடைபெற்ற முறையிலேயே தங்கியிருந்தது. வைத்தியரும் கல்வியியலாளரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். வைத்தியருக்குக் கல்வித் தத்துவம் தெரியாது. கல்வியியலாளருக்கு நோயாளர் விடுதி தெரியாது. ஒருவர் மற்றவருக்கு மாணவராகவும் ஆசிரியராகவும் இருக்க நேர்ந்தது. கல்வியியலாளர் வைத்தியரின் வகுப்புகளிற் சென்றமர்ந்து அவதானித்தனர். கண்டவற்றை வைத்தியருடன் தனியே கலந்துரையாடினர். எவரும் எவர்மீதும் தீர்ப்பு வழங்கவில்லை. பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய ஆசிரியர் மேம்பாட்டு முயற்சிகள் பலவற்றுக்கும் கரு இதுவே எனலாம்.

1959இல் மில்லர் சிக்காகோவில் உள்ள இலினோய்ப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, அங்கு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி அலுவலகத்தை நிறுவினார். பஃபலோவில் செயற்றிட்டமாக இருந்தது இங்கு நிரந்தர அலுவலகமாயிற்று. நிதியுதவி முடிந்தவுடன் முடிவுறுவது செயற்றிட்டம். பீடத்தின் அமைப்பிலேயே இடம்பெறுவது அலுவலகம். இவ்வேறுபாடு வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது. 1961இல் மில்லரும் அவருடைய சகாக்களும் மருத்துவக் கல்லூரியிற் கற்பித்தலும் கற்றலும் பற்றிய நூலொன்றை வெளியிட்டனர். சிக்காகோவில் அவருடன் பணியாற்றிய கிறிஸ்ரின் மக்குவயர், மருத்துவப் பரீட்சை வினாக்களைப் பகுத்தாராய்ந்து, அவற்றுட் பெரும்பாலானவை தனித்தனித் தகவல்களை நினைவுகூரும் திறனையே சோதிக்கின்றன என்று காட்டினார். நோயாளரைப் பற்றிச் சிந்திக்கும் வைத்தியரை உருவாக்குவதே தமது நோக்கம் என்று கூறிக்கொண்ட ஆசிரியர், உண்மையில் மனனம் செய்வோருக்கே புள்ளி வழங்கி வந்தனர் என்பது இதனால் வெளிப்பட்டது.

1963இல் ஏபிரகாம்சன் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு நரம்பியல் வைத்தியரான ஹவார்ட் பரோஸ், பயிற்றப்பட்ட ஒருவரை நோயாளராக நடிக்கச் செய்து மாணவரின் திறனை மதிப்பிடும் முறையை வகுத்தார். அதனை இருவரும் சேர்ந்து 1964இல் கட்டுரையாக வெளியிட்டனர். இன்று உலகின் மருத்துவ பீடங்கள் பலவற்றிற் கையாளப்படும் போலி நோயாளர் முறையின் தொடக்கம் அது. வைத்தியரும் கல்வியியலாளரும் சேர்ந்து இயங்கியதன் பயனுக்கு இதுவும் ஒரு சான்று.

3. உலக சுகாதார தாபனமும் மூன்றாம் உலகமும்

அமெரிக்காவில் முளைத்த இக்கருத்து, ஆசிய ஆபிரிக்க நாடுகளை வந்தடைந்ததன் காரணம் வேறு. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகள் 1950களிலும் 1960களிலும் மருத்துவ பீடங்களைத் தொடங்கின. கட்டடங்களை எழுப்புவது எளிதாயிருந்தது. ஆசிரியரைத் தேடுவதே அரிதாயிருந்தது. அதுகாலவரை ஆசிரியராக விரும்பியோர் இலண்டனுக்கும் எடின்பரோவுக்கும் சென்று, அங்குள்ள சிறப்புத்துறைப் பட்டங்களுடன் திரும்பினர். அவர்கள் கொண்டுவந்த கல்வி அந்நாடுகளின் நோய்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் ஏற்ப அமைந்தது. தத்தம் நாட்டின் கிராமத்து நோயாளருக்கு ஏற்ற வைத்தியரை எவ்வாறு உருவாக்குவது என்பதை அப்பட்டங்கள் கற்பிக்கவில்லை.

இக்குறையை உணர்ந்த உலக சுகாதார தாபனம், 1960களின் பிற்பகுதியிலிருந்து சுகாதாரத்துறை ஆசிரியரைப் பயிற்றும் நெடுங்காலத் திட்டமொன்றை வகுத்தது. அது மூன்று படிநிலைகளைக் கொண்டது. முதற்படியாகச் சிக்காகோ நிலையம் பிராந்தியங்கள் அனைத்துக்கும் பொதுவாக விளங்கிற்று. இரண்டாம் படியில் பிராந்திய ஆசிரியர் பயிற்சி நிலையங்கள் அமைந்தன. உகண்டாவின் கம்பாலா, ஈரானின் ஷிராஸ், தாய்லாந்தின் பாங்கொக், அவுஸ்திரேலியாவின் சிட்னி ஆகிய நகரங்களுடன் இலங்கையின் பேராதனையும் அவ்வரிசையில் இடம்பெற்றது. மூன்றாம் படியில் ஒவ்வொரு நாடும் தனக்கெனத் தேசிய நிலையங்களை அமைக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. ஒருவர் பலரைப் பயிற்ற, அப்பலர் மேலும் பலரைப் பயிற்றுவர் என்பது இத்திட்டத்தின் அடிப்படை. ஜெனீவாவில் உலக சுகாதார தாபனத்திற் பணியாற்றிய ஜில்பேர் எழுதிய சுகாதார ஆளணிக் கல்விக் கைந்நூல் 1977இல் வெளிவந்து, இந்நிலையங்களின் பயிற்சிக்குப் பெருந்துணையாயிற்று.

4. இலங்கை: கிறீனிலிருந்து பேராதனை வரை

பேராதனை நிலையத்தைப் பற்றிக் கூறுமுன், இந்நாட்டில் அதற்கு ஒரு நூற்றாண்டு முற்பட்ட ஒரு முயற்சியை நினைவுகூர்தல் பொருந்தும். அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியையும் மருத்துவக் கல்வியையும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், 1860களில் தமிழிற் கற்பிக்கலானார். அதற்கெனத் தாமே தமிழ் கற்றார், கலைச்சொற்களைத் தொகுத்தார், மாணவரும் அறிஞரும் துணைநிற்க மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மனுஷ அங்காதிபாதம் 1872இல் வெளிவந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் மருத்துவம் பயின்றனர்.

கிறீன் தமிழ்வழி மருத்துவத்தின் முன்னோடி என்பது பலமுறை எடுத்துரைக்கப்பட்ட செய்தி. இக்கட்டுரையின் நோக்கில் அவரது பணிக்கு இன்னொரு பொருளும் உண்டு. மாணவன் தன்னை நோக்கி வரட்டும் என்று காத்திராது, ஆசிரியர் மாணவனை நோக்கிச் சென்றார். கற்பிக்கும் மொழி, நூல், முறை ஆகிய மூன்றையும் அவனுக்கேற்பத் திருத்தினார். பிற்காலத்தில் ஓர் அலுவலகம் செய்யவேண்டிய பணியை அவர் தனியொருவராய்ச் செய்தார். ஆனால் தனியொருவரின் முயற்சியாக இருந்தமையே அதன் பலவீனமுமாயிற்று. 1873இல் அவர் தாய்நாடு திரும்பிய பின்னர் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. நிறுவனமாக வேரூன்றாத நற்பணி, அதனைச் செய்தவரோடு விடைபெற்றுவிடுகின்றது.

இதற்கிடையில் 1870இல் கொழும்பு மருத்துவக் கல்லூரி குடியேற்ற அரசினால் நிறுவப்பட்டிருந்தது. ஆங்கிலமே அதன் மொழி. பிரித்தானியப் பாடவிதானமே அதற்கு அளவுகோல். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது அக்கல்லூரி அதன் மருத்துவ பீடமாயிற்று. இரண்டாவது மருத்துவ பீடம் 1962இல் பேராதனையில் தோன்றியது. பழைய பீடத்தின் நிழலில் வளர்ந்த அப்புதிய பீடம் சில புதிய சிந்தனைகளுக்கு இடமளித்தது. இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியரும், பிற்காலத்தில் அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி நாட்டின் மருந்துக் கொள்கையை வகுத்தவருமான சேனக பிபிலே, 1960களின் பிற்பகுதியில் அதன் பீடாதிபதியாக விளங்கினார். 1970களின் தொடக்கத்தில் அங்கு அமைந்த மருத்துவக் கல்விப் பிரிவின் வரலாற்றிலும் அவர் பெயர் இணைந்துள்ளது.

பிபிலேயின் மருந்துக் கொள்கையையும் மருத்துவக் கல்வி ஆர்வத்தையும் வெவ்வேறாகக் கருதுதல் தவறாகும். தேவையற்ற மருந்தை எழுதும் வைத்தியரைச் சட்டத்தால் மட்டும் தடுத்துவிட முடியாது. அவரை அவ்வாறு எழுதப் பழக்கிய கல்வியையும் திருத்தவேண்டும். நாட்டின் தேவைக்கேற்ற மருந்துப் பட்டியலும் நாட்டின் தேவைக்கேற்ற வைத்தியக் கல்வியும் ஒரே சிந்தனையின் இரு முகங்கள். 1977இல் கயானாவில் அவர் காலமானார்.

உலக சுகாதார தாபனத்தின் தென்கிழக்காசியப் பிராந்தியத்திற்குரிய ஆசிரியர் பயிற்சி நிலையமாகப் பேராதனைப் பிரிவு இயங்கியது. கற்பித்தலின் குறிக்கோள்களை வகுத்தல், கற்பிக்கும் முறைகளைத் தெரிதல், மாணவரை மதிப்பிடல் ஆகியவற்றில் மருத்துவ, தாதிய, பொதுச்சுகாதார ஆசிரியருக்கு அங்குப் பயிற்சியளிக்கப்பட்டது. கொழும்பில் ஒரு நூற்றாண்டுக் காலம் இலண்டனைப் பார்த்திருந்த மருத்துவக் கல்வி, மகாவலிக் கரையிலிருந்து அயல்நாடுகளுக்கு வழிகாட்டும் நிலையை எய்தியமை பெருமைக்குரியது. பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதே காலப்பகுதியில், 1970களின் நடுப்பகுதியில், புதுச்சேரி ஜிப்மர் நிறுவனத்தில் தேசிய ஆசிரியர் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது.

5. அலுவலகம் ஆற்றும் பணி

இத்தகைய பிரிவொன்று உண்மையிற் செய்வது யாது என்பதை எடுத்துக்காட்டுகளால் விளக்குதல் நலம்.

முதலாவது, குறிக்கோளைத் தெளிவாக்குதல். “மாணவர் நீரிழிவைப் பற்றி அறிந்திருத்தல் வேண்டும்” என்பது குறிக்கோளாகாது. மயங்கிய நிலையிற் கொண்டுவரப்படும் நீரிழிவு நோயாளரின் குருதியிற் சர்க்கரை கூடியுள்ளதா குறைந்துள்ளதா என்பதைப் பிரித்தறிந்து, உடனடிச் சிகிச்சையைத் தொடங்கும் ஆற்றல் பெறுதலே குறிக்கோளாகும். முன்னையது ஆசிரியர் என்ன பேசுவார் என்பதைக் கூறுகின்றது. பின்னையது மாணவர் என்ன செய்வார் என்பதைக் கூறுகின்றது.

இரண்டாவது, கற்பிக்கும் செயலைப் பயிலுதல். 1960களில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் வகுக்கப்பட்ட நுண்கற்பித்தல் முறை இதற்குப் பயன்பட்டது. ஆசிரியர் ஐந்து அல்லது பத்து நிமிடம் சகாக்களுக்குக் கற்பிப்பார், அது பதிவுசெய்யப்படும், பின்னர் அவரே அதனைப் பார்த்துத் தம் குறைநிறைகளைக் காண்பார். பிறர் சொல்லி ஏற்காத குறையைத் தாமே கண்டால் ஏற்றல் எளிது.

மூன்றாவது, பரீட்சையைப் பரீட்சித்தல். தொண்ணூறு மாணவர் எழுதிய பல்தேர்வு வினாத்தாள் ஒன்றைக் கொள்வோம். மொத்தப் புள்ளியில் உயர்ந்த முப்பதின்மருள் 24 பேரும், தாழ்ந்த முப்பதின்மருள் 9 பேரும் குறித்த வினாவுக்குச் சரியாக விடையளித்திருப்பின், வேறுபாடாகிய 15ஐ 30ஆல் வகுக்க 0.5 கிடைக்கும். திறமையுள்ளோரையும் அல்லாதோரையும் அவ்வினா நன்கு பிரித்துக் காட்டுகின்றது. மாறாக, உயர்ந்தோருள் 10 பேரும் தாழ்ந்தோருள் 20 பேரும் சரியாக விடையளித்திருப்பின், பிழை மாணவரிடத்தன்று. வினாவிலோ ஆசிரியர் தயாரித்த விடையிலோ உள்ளது. எளிய இக்கணக்கைச் செய்யாத காலத்தில், ஆசிரியரின் தவறுக்கு மாணவர் தண்டனை பெற்றதும் உண்டு என்பதை உணர்தல் வேண்டும்.

நான்காவது, செய்திறனை மதிப்பிடல். மரபுவழிப் பரீட்சையில் ஒரு மாணவருக்கு எளிய நோயாளரும் இன்னொருவருக்குச் சிக்கலான நோயாளரும் கிடைப்பர். ஒருவர் கருணையுள்ள பரீட்சகரிடமும் இன்னொருவர் கடுமையானவரிடமும் செல்வர். ஸ்கொட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டனும் அவர்தம் சகாக்களும் 1975இல் வெளியிட்ட முறை இக்குறையை நீக்க முயன்றது. மாணவர் அனைவரும் வரிசையாக அமைந்த நிலையங்கள் ஊடாகச் சென்று, ஒவ்வொன்றிலும் குறித்த நேரத்துக்குள் ஒரே பணியைச் செய்வர்; முன்னரே வகுத்த பட்டியலின்படி புள்ளி வழங்கப்படும். இன்று இது உலகெங்கும் வழக்கிலுள்ளது. 1990இல் மில்லர், அறிதல், எவ்வாறென அறிதல், செய்து காட்டல், நடைமுறையிற் செய்தல் என நான்கு படிகளாக மருத்துவத் திறனை வகுத்துரைத்தார். பரீட்சைகள் பெரும்பாலும் அடிப்படியிலேயே நின்றுவிடுகின்றன என்பது அவர் பஃபலோவில் தொடங்கிய சிந்தனையின் முதிர்ந்த வடிவமாகும்.

6. எதிர்ப்பும் தளர்ச்சியும்

இம்முயற்சிகள் எங்கும் இன்முகத்துடன் வரவேற்கப்பட்டன என்று கொள்ளலாகாது. கற்பித்தல் பிறவிக்கொடை, அதனைப் பயிற்ற முடியாது என்றனர் சிலர். அறுவை மேசையருகே நில்லாத கல்வியியலாளர் சத்திரசிகிச்சைப் பேராசிரியருக்குக் கற்பிக்க என்ன இருக்கின்றது என வினவினர் வேறு சிலர். கல்வியியலாளர் கையாண்ட கடுமையான கலைச்சொற்களும் இவ்வெறுப்பை வளர்த்தன. எளிய கருத்தை அரிய சொல்லாற் கூறுவோரைக் கண்டு, அக்கருத்தே வெறுஞ்சொல் என எண்ணியோர் பலர்.

இவற்றினும் ஆழமான தடை நிறுவனத்தின் அமைப்பிலேயே இருந்தது. பதவியுயர்வு ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கையிற் பெரிதும் தங்கியிருக்கும்வரை, நன்கு கற்பிப்பதற்கெனச் செலவிடும் நேரம் ஆசிரியருக்கு இழப்பாகவே அமையும். பல்கலைக்கழகம் ஒரு வாயாற் கற்பித்தலைப் புகழ்ந்து, மறு கையால் அதற்குரிய வெகுமதியை மறுத்தது. இதனால் செயலமர்வுகளுக்கு விரும்பி வந்தோர் ஏற்கெனவே கற்பித்தலில் ஆர்வமுடையோராகவே இருந்தனர், வரவேண்டியோர் வரவில்லை.

வாராதோரை வரவழைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவ ஆசிரியர் கல்வியாளராகவும் பயிற்றப்படுதல் வேண்டும் என 1988இல் எடின்பரோப் பிரகடனம் வலியுறுத்தியது. இந்திய மருத்துவ மன்றம் 1997ஆம் ஆண்டின் விதிகளின் மூலம் மருத்துவக் கல்லூரிகளில் கல்விப் பிரிவு அமைவதைக் கட்டாயமாக்கியது. இலங்கையிலும் 1990களின் பிற்பகுதி தொட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆளணி மேம்பாட்டு நிலையங்கள் தோன்றி, புதிய விரிவுரையாளருக்குப் பயிற்சியளித்து வருகின்றன. கட்டாயம் பரவலைத் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டாயத்துக்கு ஓர் இயல்பு உண்டு: அது வருகையை உறுதிசெய்யும், மாற்றத்தை உறுதிசெய்யாது. சான்றிதழுக்காக மூன்று நாள் அமர்ந்திருந்துவிட்டு, நான்காம் நாள் பழைய குறிப்பேட்டையே வாசிக்கும் ஆசிரியரைச் சட்டம் ஒன்றும் செய்துவிட முடியாது.

ஆராய்ச்சி முடிவுகளும் இதனையே உணர்த்துகின்றன. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவோன் ஸ்டைனர்ட் தலைமையிலான குழுவினர், மருத்துவ ஆசிரியர் மேம்பாடு பற்றிய 53 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் ஆராய்ந்தனர். பங்குபற்றியோர் மனநிறைவடைந்தனர், அவர்தம் அறிவும் கற்பித்தல் நடத்தையும் மேம்பட்டன என்பதற்குச் சான்றுகள் கிடைத்தன. பயின்றதை நடைமுறையிற் செய்து பார்த்தல், பிறரின் கருத்தைப் பெறல், சகாக்களுடன் கலந்து பழகல் என்பன பயன்தரும் கூறுகள் எனவும் அவர்கள் கண்டனர். ஆனால் மாணவரிடத்தும் நிறுவனத்திடத்தும் ஏற்பட்ட மாற்றங்களை ஆராய்ந்தவை மிகச் சிலவே. பயன்தரும் கூறுகள் மூன்றும் பஃபலோவின் மேசையில் இருந்தவையே என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்விடத்தில் இன்னோர் அபாயத்தையும் சுட்டுதல் வேண்டும். மாணவரின் கருத்துப் படிவங்களும் வகுப்பு அவதானிப்பும் ஆசிரியரை மேம்படுத்தும் கருவிகளாகத் தொடங்கியவை. அவையே நிருவாகத்தின் கையில் ஆசிரியரை மதிப்பிட்டுத் தண்டிக்கும் கருவிகளாக மாறுமிடத்து, அலுவலகத்தின் கதவை எவரும் தட்டமாட்டார். தம் குறையை மனம் திறந்து கூறுவதற்கு ஆசிரியருக்கு ஓர் இடம் வேண்டும். கண்காணிப்பவரிடம் எவரும் தம் நோயைச் சொல்வதில்லை. இது வைத்தியர் அனைவரும் அறிந்த உண்மை.

7. மொழியும் மாணவரும்

மேற்கூறியவை எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை. இலங்கைக்குச் சிறப்பாக உரிய பிரச்சினை ஒன்று உண்டு. 1960களில் விஞ்ஞானக் கல்வியும் சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறியது. மருத்துவ பீடங்களோ ஆங்கிலத்திலேயே நின்றன. இன்றும் மாணவருட் பெரும்பாலோர் உயர்தர வகுப்புவரை தாய்மொழியில் உயிரியலும் இரசாயனமும் கற்று, மருத்துவ பீடத்தின் வாயிலில் மொழி மாறுகின்றனர். வகுப்பில் ஆங்கிலத்திற் கற்ற நோயியலை, நோயாளர் விடுதியில் மீண்டும் தமிழிலோ சிங்களத்திலோ வினாக்களாக மாற்றவேண்டியவரும் அவர்களே. நாட்டிலேயே மிகச் சிறந்த புள்ளிகளைப் பெற்று நுழைந்த மாணவர், முதலாண்டில் வாய் திறவாது அமர்ந்திருப்பதைக் கண்டு அவருக்குத் திறமை இல்லை என்று தீர்மானிக்கும் ஆசிரியர், நோயைப் பிழையாக நிருணயித்தவராவார். அம்மௌனம் அறியாமையின் அடையாளமா மொழித்தடையின் அடையாளமா எனப் பிரித்தறியும் பயிற்சியை ஆசிரியருக்கு வழங்கவேண்டியது மருத்துவக் கல்விப் பிரிவின் தலையாய பணியாகும். அதனைச் சிக்காகோவும் ஜெனீவாவும் வகுத்துத் தரா. இந்நாட்டுப் பிரிவுகளே வகுத்துக்கொள்ளல் வேண்டும். கிறீனின் பணி இவ்விடத்திலேயே மீண்டும் பொருள் பெறுகின்றது.

1978இல் தொடங்கப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் மற்றொரு பாடத்தைத் தருகின்றது. 2009வரை நீடித்த போர்க்காலத்தில் ஆசிரியர் பற்றாக்குறையோடு அப்பீடம் இயங்க நேர்ந்தது. மூத்தோர் குறைந்த பீடத்திற் கற்பித்தற் சுமை இளையோரின் தோள்களிலேயே விழுகின்றது. அனுபவமிக்கோர் நிறைந்த பீடத்தில் இளம் விரிவுரையாளர் அருகிருந்து பார்த்துப் பழகலாம். அவ்வாய்ப்பு அற்றவிடத்து ஆசிரியருக்கு ஆதரவளிக்கும் அமைப்பு ஆடம்பரமன்று, அன்றாடத் தேவையாகும். வளம் மிகுந்த பீடங்களிலேயே இத்தகைய அலுவலகங்கள் முதலிற் செழித்தன என்பதும், வளம் குறைந்த பீடங்களுக்கே அவை அதிகம் தேவைப்பட்டன என்பதும் இவ்வரலாற்றின் முரண்பாடுகளுள் ஒன்று.

முடிவுரை

ஆசிரியர் மேம்பாட்டுப் பிரிவுகளின் வரலாறு, அலுவலகங்களின் எண்ணிக்கை பெருகிய வரலாறு மட்டுமன்று. கற்றவர் தாமும் கற்கவேண்டியவரே என்பதைப் பெருமைமிக்க ஒரு தொழில் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்ட வரலாறு அது. பஃபலோவில் அது சகாக்களின் உரையாடலாகத் தொடங்கியது, சிக்காகோவில் நிறுவனமாயிற்று, பேராதனையில் ஒரு பிராந்தியத்தின் தேவையோடு இணைந்தது, பின்னர் பல இடங்களிற் சட்டமாயிற்று. உரையாடலாக இருந்தபோது அதற்கு உயிர் இருந்தது, நிலைபேறு இல்லை. சட்டமானபோது நிலைபேறு கிடைத்தது, உயிர் குன்றியது. கிறீனுக்குப் பின் நேர்ந்தது நிலைபேறின்மையின் விளைவு. சான்றிதழோடு முடியும் செயலமர்வு உயிரின்மையின் விளைவு. இவ்விரண்டையும் ஒருங்கே பேணுதலே இனிவரும் காலத்தின் கடமை. அதற்கு, பதவியுயர்வு விதிகளிற் கற்பித்தலுக்கு மெய்யான இடமளித்தலும், ஆசிரியர் அச்சமின்றி அணுகக்கூடிய இடமாகப் பிரிவை வைத்திருத்தலும், மாணவரின் மொழியையும் பின்னணியையும் அதன் ஆய்வுப் பொருளாக்குதலும் இன்றியமையாதன.

நிறைந்த குடத்தைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. அதனின்று வருவதை ஏந்திக்கொள்பவர் முதலில் மாணவர். அவருக்குப் பின் நிற்பவர் நோயாளர். விரிவுரை மண்டபத்தில் முறையின்றிக் கொட்டப்பட்ட அறிவுக்கு ஈற்றில் விலை கொடுப்பவர் அந்நோயாளரே. அவரை மனத்திற் கொண்டு இயங்கும்வரையில்தான் மருத்துவக் கல்விப் பிரிவு தன் பெயருக்கு உரியதாகும்.